பின்னால் வருகிறவர்

மோட்டார் காரில் ஓட்டுகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியாத விளக்கு ஒன்று இருக்கிறது. பிரேக்கின் மேல் காலை வைத்ததும் வண்டியின் பின்புறத்தில் பளிச்சென்று சிவப்பாக எரிகிறதே, அந்த விளக்கு. தெருவில் போகிற சைக்கிள்காரருக்கு அது தெரியும். பின்னால் வருகிற லாரி டிரைவருக்குத் தெரியும். வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பாட்டிக்குக்கூடத் தெரியும். சொந்தக்காரர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவர் பார்க்க வேண்டுமென்றால், ராத்திரியில் வண்டியைப் பின்பக்கமாக ஒரு வெள்ளைச் சுவரின் அருகில் கொண்டுபோய் நிறுத்திப் பிரேக்கை மிதித்து, சுவரில் சிவப்பு கூடுகிறதா என்று கண்ணாடியில் கவனிக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரையாவது பின்னால் போய் நிற்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று நான் கணக்கெடுத்ததில்லை. செய்யாதவர்கள் நிறையப் பேரைத் தெரியும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் ஒரே பல்பின் கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று ஐந்தாறு வாட் இழை. இரவு முழுவதும் மங்கலாக எரிவது. மற்றொன்று 21 வாட் இழை; பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் எரிவது. சின்ன இழை எரிந்துகொண்டிருந்தால், பின்னால் சிவப்பு இருக்கிறதென்று சொந்தக்காரர் திருப்தி அடைந்துவிடுகிறார். பெரிய இழை அறுந்துபோய் ஆறு மாதம் ஆகியிருக்கும். எப்போதும் மங்கலாக நல்லவராக இருப்பதற்கு ஓர் இழை, வேண்டிய சமயத்தில் பளிச்சென்று நடந்துகொள்வதற்கு இன்னோர் இழை என்று நம்மிலும் இரண்டு இருக்கிறதோ என்னவோ!

காரில் உள்ள மற்ற சாமான்களெல்லாம் சொந்தக்காரருடைய சௌகரியத்துக்காக இருப்பவை. மெத்தை அவர் சாய்ந்துகொள்ள. முன் விளக்கு அவர் வழி பார்க்க. ஹாரன் அவர் கோபத்தைக் காட்ட. பிரேக் விளக்கு ஒன்றுதான் முன்பின் தெரியாத இன்னொருவருக்காக நாம் காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பது. முழுப் பரோபகாரம் என்றும் சொல்லிவிட முடியாது; பின்னால் வருகிறவர் மோதினால் நசுங்குவது நம்முடைய டிக்கிதான். ஆனாலும் அந்த விளக்கு பேசுவது நம்மோடு அல்ல.

நமக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காத, நம் கண்ணிலும் படாத, ஆனால் அடுத்தவர் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு குறை நம்மிடம் இருந்தால், அதைத் தேடிக்கொண்டு போய்க் கண்டுபிடிக்கிற கடமை நமக்கு உண்டா? தெரிந்தே செய்த தப்புக்குப் பொறுப்பு உண்டு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். தெரிந்துகொள்ளாமல் இருந்ததற்குப் பொறுப்பு உண்டா என்பதுதான் கேள்வி. இதை நான் புத்தகத்தில் படித்து யோசித்தேன் என்றால் வாசகர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். உண்மையில் ஒரு பழைய மாரிஸ் மைனர் காரின் அடியில் மல்லாந்து கிடந்த ஒரு மேஸ்திரிதான் என்னை யோசிக்க வைத்தார்.

வண்டி சேலத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவருடையது. 1953-ஆம் வருஷத்து வண்டி. முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும். திரும்புவதற்குக் கதவை ஒட்டிய தூணிலிருந்து சின்னக் கை ஒன்று எழுந்து நிற்கும். 1948-ல் லண்டன் கண்காட்சியில் முதல் முதலாக வைக்கப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரையில் பதினைந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ரகம் அது. அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியாளரின் கைவண்ணம். நம் நாட்டிலும் அதே வண்டி 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் கொஞ்ச காலம் ஓடியது. நண்பருக்கு அந்தக் காரிடம் இருக்கும் பிரியத்தை அவருடைய சம்சாரம் சொல்லிக் கேட்க வேண்டும். அதை நான் இங்கே எழுதினால் இரண்டு குடும்பங்களின் சிநேகம் கெட்டுவிடும்.

பேரக் குழந்தைகள் லீவுக்கு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களை மாரிஸில் ஏற்றிக்கொண்டு ஏர்க்காடு போய்வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமையன்று பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், "தாத்தா, உங்க வண்டியிலே பிரேக் லைட்டே எரியலையே" என்று சொல்லிவிட்டான். அந்தப் பையன் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நண்பருக்குச் சிரமமும் இல்லை, எனக்குக் கட்டுரையும் இல்லை.

மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். முதலில் பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இழைகள் இரண்டும் நன்றாக இருந்தன. பல்ப் உட்காரும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்ததைச் சுரண்டினார். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். எர்த் கெட்டுப்போனால் மின்சாரம் வேறு இழை வழியாகத் திரும்பப் பார்க்கும், அப்போது பிரேக்கை மிதித்தால் சம்பந்தமில்லாத விளக்கு மினுக்கும் என்று எனக்கு விளக்கமும் சொன்னார். பிறகு வண்டிக்கு அடியில் போனார். அந்தக் காலத்து வண்டியில் பிரேக் விளக்கின் சுவிட்ச் பெடலில் இருக்காது. பிரேக் ஆயில் ஓடுகிற குழாயிலேயே திருகி வைக்கப்பட்டிருக்கும். ஆயிலில் அழுத்தம் ஏறினால் உள்ளேயிருக்கும் சவ்வு நகர்ந்து இரண்டு முனைகளைச் சேர்க்கும், விளக்கு எரியும். பச்சைக் கம்பி ஒன்று, பச்சையில் ஊதாக் கோடு போட்ட கம்பி ஒன்று. சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, அந்த இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். பின்னால் விளக்குகள் இரண்டும் ஜோராக எரிந்தன. ஆகவே பல்ப் குற்றமற்றது, கம்பி குற்றமற்றது, சுவிட்ச்தான் குற்றவாளி. துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் இவரிடம் ஒரு மாதம் வேலை கற்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுச் சுவிட்ச் கைவசம் இருந்தது. அரை மணியில் முடிந்திருக்க வேண்டிய காரியம். பழைய சுவிட்சைத் திருகி எடுத்தபோது அந்த ஓட்டையிலிருந்து நாலு சொட்டு ஆயில் மேஸ்திரியின் உள்ளங்கையில் விழுந்தது. புது ஆயில் எலுமிச்சை நீர் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். இது இரண்டாம் டிகாக்ஷன் மாதிரி இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்றது போலிருக்கிறது, முகம் மாறிற்று.

"ஸார், ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சுங்க?"

"குறையறப்போ ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஊத்தறதைக் கேக்கலீங்க. மாத்தினதைக் கேக்கறேன்."

நண்பர் பதில் சொல்லவில்லை. பிறகு, "பிரேக் நல்லாத்தானே பிடிக்குது, மேஸ்திரி? பத்து வருஷமா ஒரு நாள்கூடத் தகராறு பண்ணினதில்லையே" என்றார்.

"பத்து வருஷமா ஒண்ணும் ஆகலைன்னா அது பிரேக்கோட பெருமை இல்லீங்க. ரோட்டோட தயவு. ஊருக்குள்ளே ஓட்டினீங்க. மலை எறங்கலே."

இந்த வார்த்தையின் கனம் புரிய வேண்டுமென்றால் பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெயர்தான் ஆயில், அது எண்ணெயே அல்ல. தொடக்க காலத்தில் நம் வீட்டு விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து ஊற்றினார்கள். மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் இந்தத் திரவப் பிரேக்குக்கு வழி கண்டபோது, 1921-ல் டூசன்பர்க் கார் அதை நாலு சக்கரத்துக்கும் வைத்து வெளிவந்தபோது, மூடின குழாய்க்குள் இருக்கும் திரவத்தை ஒரு பக்கம் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போய்ச் சேரும் என்ற பழைய விதிதான் ஆதாரம். இப்போது நாம் ஊற்றுவது பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம். அதற்கு ஒரு கெட்ட குணம்: காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் குடித்துக்கொண்டே இருக்கும். மூடியின் சின்ன ஓட்டை வழியாகவும் குடிக்கும். ரப்பர் குழாயின் உடம்பு வழியாகவும் குடிக்கும். வண்டி ஓடினாலும் குடிக்கும், ஷெட்டில் துணி போர்த்தி நின்றாலும் குடிக்கும்.

அதனால் என்ன என்று கேட்கலாம். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில், புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சென்டிகிரேடு வரையிலாவது கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது நிர்ணயம். நூற்றுக்கு நாலு பங்குகூட வேண்டாம், 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே ஆயிலுக்கு 140 டிகிரி தாங்கினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் உசத்தியான டாட் 4-க்கு 230-லிருந்து 155. மலை இறங்கும்போது கியரில் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், சக்கரத்தின் டிரம்முக்குள் அந்தச் சூடு ஏறுவது பெரிய காரியமில்லை. ஏர்க்காட்டு ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். காலை வைத்தால் பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும். வண்டி நிற்காது. அந்த மாதிரி வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர்தான். ஒன்று போனால் நாலும் போயிற்று. மிச்சம் இருப்பது கையால் இழுக்கும் பிரேக்.

இனித்தான் விபரீதம். வண்டி எங்கேயோ மோதி நின்று ஒரு மணி நேரம் ஆனதும், ஆயில் ஆறும். ஆவி மறுபடியும் திரவமாகிவிடும். போலீஸ்காரர் வந்து பெடலை மிதித்துப் பார்த்தால் பிரேக் கல் மாதிரி நிற்கும். "பிரேக் பிடிக்கவில்லை" என்று ஓட்டினவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். குற்றம் செய்துவிட்டுத் தடயத்தைத் தானே அழித்துக்கொள்கிற சாமர்த்தியம் இந்தத் திரவத்துக்கு இருக்கிறது. தண்ணீர் சேர்ந்த ஆயில் சிலிண்டர்களின் உள்ளே துருப்பிடிக்க வைப்பது தனிக் கதை. அது மெதுவாக நடப்பது, கண்ணிலும் படாது.

மேஸ்திரி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஆயில் முழுவதையும் வெளியே எடுத்து, நாலு சக்கரத்துச் சிலிண்டர்களையும் பிரித்து, ரப்பர் வாஷர்களை மாற்றி, தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏர் எடுத்தால்தான் வண்டி மலையேறலாம். புதன்கிழமைக்கு முன்னால் முடியாது. நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டி யாருடையது என்று கேட்டார். "உங்களுதுதாங்க. சாவி மட்டும் புதன்கிழமை வரைக்கும் எங்கிட்டே இருக்கட்டும்" என்றார் மேஸ்திரி. இப்படிப் பேசினால் வாடிக்கைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு அந்த நிமிஷத்தில் அவர் மேல் ஏற்பட்ட மதிப்பு, நான் படித்திருக்கிற பல தத்துவாசிரியர்களின் மேல்கூட ஏற்பட்டதில்லை.

குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் ஏர்க்காடு போனார்கள். மாரிஸின் பின்சக்கரம் ஒன்றின் சிலிண்டருக்குள் பிஸ்டன் துருவேறி இறுகிப்போயிருந்ததை மேஸ்திரி எடுத்துக் காட்டினார். நண்பர் இன்றைக்கும் அசைந்துகொடுக்கவில்லை. "துரு இருந்தது வாஸ்தவம். ஆனா வண்டி நின்னுது. அன்னிக்குப் போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது, ஸார். குழந்தைங்களோட ஒரு சந்தோஷம் போச்சு, அவ்வளவுதான்" என்கிறார். அவர் சொல்வதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. தடுக்கப்பட்ட விபத்துக்குச் சாட்சியே கிடையாது. பத்துத் தடவையில் ஒன்பது தடவை அவர் சொல்கிறபடி ஒன்றும் ஆகாமல்தான் போகும். நான் பிடிவாதம் பிடிப்பது அந்தப் பத்தாவது தடவைக்காக அல்ல. அந்த ஒன்பது தடவையும் அவர் சரியாக நடந்துகொண்டதாக ஆகுமா என்பதுதான் என் சந்தேகம்.

1877-ல் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இதே சந்தேகத்தை ஒரு கப்பல் முதலாளியைக் கொண்டு விளக்கினார். கிளிஃபோர்டு கணித நிபுணர்; முப்பத்து மூன்று வயசில் காலமானார். அவருடைய கப்பல் முதலாளி கெட்டவர் அல்ல. கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டியது என்று ஒரு சந்தேகம் அவர் மனத்தில் எழுகிறது. செலவு கண்ணை உறுத்துகிறது. எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல், இந்தத் தடவையும் வராதா என்று தமக்குத் தாமே சொல்லிச் சொல்லிச் சந்தேகத்தை அமுக்கிவிடுகிறார். மனப்பூர்வமாகவே நம்பிவிடுகிறார். குடும்பம் குடும்பமாக ஜனங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் முழுகுகிறது, இன்ஷூரன்ஸ் பணம் வருகிறது. அவர் குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபோர்டு. உண்மையாக நம்பினார் என்பது சமாதானம் ஆகாது, அந்த நம்பிக்கையை அவர் விசாரித்துச் சம்பாதிக்கவில்லை என்கிறார். அதோடு விட்டாரா? கப்பல் முழுகாமல் சௌக்கியமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றம் ஓர் இம்மியும் குறையாது, கண்டுபிடிக்கப்படவில்லை என்பதுதான் வித்தியாசம் என்று ஒரே போடாகப் போட்டார்.

என் நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்போ நானும் கொலைகாரனா?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். 1976-ல் இரண்டு தத்துவாசிரியர்கள், பெர்னார்டு வில்லியம்ஸும் தாமஸ் நேகலும், இதை எடுத்துக்கொண்டார்கள். நேகல் கொடுத்த உதாரணத்தைப் படித்தபோது அவரும் எங்கேயோ ஒரு மேஸ்திரியிடம் பேசியிருப்பார் என்று தோன்றிற்று. ஒரு லாரி டிரைவர். பிரேக்கைச் சமீபத்தில் பரிசோதிக்காமல் விட்டிருக்கிறார். ஒரு குழந்தை குறுக்கே ஓடிவருகிறது. குழந்தை இறந்தால் அவருடைய ஆயுசு முழுவதும் அது ஆறாது. குழந்தை அன்றைக்கு ஓடி வராமல் இருந்தால்? அவர் செய்த அலட்சியம் அதேதான். அரிசி எடைகூட மாறவில்லை. ஆனால் நாம் அவரைக் குறை சொல்வதும், அவர் தம்மைத் தாமே நொந்துகொள்வதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். குழந்தை வந்ததும் வராததும் அவர் கையில் இல்லை. அப்படியானால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தா ஒருவர் நல்லவராகவும் கெட்டவராகவும் ஆவது?

சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. அஜாக்கிரதையால் உயிர்ச்சேதம் விளைவிப்பதற்கென்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304-ஏ பிரிவு 1870-ல் சேர்க்கப்பட்டது. இரண்டு வருஷம் வரையில் சிறை. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் அது பொதுவாக ஐந்து வருஷம் வரையில் போகிறது. உயிர் போகாவிட்டால் இந்தப் பிரிவே தலைகாட்டாது. கதை எழுதுகிறவர்களும் இந்த விஷயத்தில் சட்டத்தின் கட்சிதான். ஒருவரை அலட்சியக்காரர் என்று காட்ட வேண்டுமென்றால் பதினைந்தாம் அத்தியாயத்தில் ஒரு விபத்தை வைத்தால்தான் வாசகர்கள் நம்புகிறார்கள். விபத்தே நடக்காத அலட்சியக்காரரைப் பற்றி யார் தொடர்கதை படிப்பார்கள்?

நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. திருவாரூரில் மனுநீதிச் சோழனுடைய மகன் தேரில் போகிறான். கன்று ஒன்று யாரும் எதிர்பாராமல் துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டுச் சாகிறது. பசு வந்து ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. சேக்கிழார் விஸ்தாரமாகப் பாடியிருக்கும் இந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறோம். இளவரசன் தேரை வேகமாக ஓட்டினானா, குதிரைகள் அடங்கினவையா, கடிவாளம் சரியாக இருந்ததா என்றெல்லாம் கதை கவலைப்படவில்லை. மந்திரிகள் பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள். அரசன் பசுவின் முகத்தைப் பார்க்கிறான். தேர்க்காலில் மகனை வைக்கிறான். கிளிஃபோர்டு ஓட்டினவரின் மனத்தை மட்டும் பார்த்தார். மனுநீதிச் சோழன் இழந்தவளின் வாசலில் நின்று பார்த்தான். முந்தியது நியாயம், பிந்தியதும் நியாயம். இரண்டும் ஒரே தராசில் ஏற மறுக்கின்றன. இளவரசன் செய்யாத அலட்சியத்துக்கு உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது; என் நண்பர் செய்த அலட்சியத்துக்கு வாடகைக் காரின் கூலியைக் கொடுத்தார். கதையின் முடிவில் சிவபெருமான் தோன்றிக் கன்றையும் மகனையும் எழுப்பிக் கொடுத்துவிடுகிறார். அந்த ஏற்பாடு நெடுஞ்சாலைகளில் கிடையாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நண்பர் கொலைகாரர் அல்ல. கிளிஃபோர்டு அந்த அளவுக்குக் கடுமையாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் ஒரு பந்தயம் கட்டினார். இங்கே பாஸ்கல் ஞாபகத்துக்கு வருகிறார். மூடின திரவத்தின் அழுத்த விதியைச் சொன்னவர் அந்தப் பிரெஞ்சுக்காரர்தான். 1623-ல் பிறந்து முப்பத்தொன்பதே வருஷம் இருந்தவர். அதே பாஸ்கல்தான், கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதை ஒரு பந்தயமாக வைத்து, எந்தப் பக்கம் கட்டினால் லாபம் என்று வாதித்தவர். பிரேக் பெடலின் அடியில் அவருடைய விதி ஓடுகிறது. பெடலை மிதிக்கிறவர் மனத்தில் அவருடைய பந்தயம் ஓடுகிறது. 'இந்த ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம்' என்பது பந்தயம்தானே? ஆனால் பாஸ்கல் பணயம் வைக்கச் சொன்னது ஒருவருடைய சொந்த ஆத்மாவை. மலை இறங்குகிறவர் பணயம் வைப்பது பின்சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வரும் இரண்டு குழந்தைகளை. எதிரே கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வரும் ஒருத்தியை. அவர்களைக் கேட்டாரா? பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன் என்பதால், கேட்காமல் வைத்த பணயம் கேட்டு வைத்ததாகிவிடாது. ஜெயித்தவர் தோற்றவரைவிட நல்லவர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோற்றவர் படும் துக்கத்தில் ஜெயித்தவருக்குப் பங்கில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

முழுப் பழியையும் நண்பர் தலையில் சுமத்தவும் மனம் வரவில்லை. அந்த மாரிஸில் பிரேக் ஆயில் ஊற்றுகிற வாய் எங்கே இருக்கிறது தெரியுமா? டிரைவரின் காலுக்கு அடியில். கால்மிதியைச் சுருட்டி, தரையில் இருக்கும் மூடியை எடுத்து, குனிந்து பார்க்க வேண்டும். பிற்காலத்து வண்டிகளில் பானெட்டைத் திறந்ததும் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா பல்லைக் காட்டுகிறது. ஆயில் எவ்வளவு, என்ன நிறம் என்று பெட்ரோல் போடுகிற பையன்கூடச் சொல்லிவிடுவான். இந்த நாற்பது வருஷத்தில் மனிதர்களின் மனச்சாட்சி கூர்மையாகிவிட்டதா என்ன? டப்பாவை இடம் மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். சிரத்தை என்பது பாதி மனத்தில் இருக்கிறது, பாதி சாமானை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. பெற்றோர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் இதைக் கவனித்தால் உபதேசத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

மேஸ்திரி வேலையை முடித்தபோது ஒரு யோசனை சொன்னார். பிரேக் விளக்குக்கு ஆயில் சுவிட்சே வேண்டாம், பெடலிலேயே ஒரு சின்னச் சுவிட்ச் வைத்துவிடலாம், கால் பட்டதும் எரியும் என்றார். ஆயில் சுவிட்ச் அழுத்தம் ஏறின பிறகுதான் எரியும். பழசானால் காலை ஓங்கி அழுத்தினால்தான் எரியும். பின்னால் வருகிறவருக்கு அதனால் ஒரு விநாடி நஷ்டம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி என்பது கிட்டத்தட்ட பதினேழு மீட்டர். நண்பர், வண்டி அசலாக இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார். பழைய வண்டிக்காரர்களுக்கு அசல் என்பது ஒரு மதம்.

ஆனால் அந்த இரண்டு சுவிட்சுகளும் இரண்டு வேறு வேறு சங்கதிகளைச் சொல்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பெடல் சுவிட்ச், 'நிறுத்த நினைக்கிறேன்' என்று சொல்கிறது. ஆயில் சுவிட்ச், 'பிடிப்பு ஏறிவிட்டது' என்று சொல்கிறது. ஆயில் முழுவதும் ஒழுகிப்போன வண்டியிலும் பெடல் சுவிட்ச் விளக்கை எரிய வைக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது, எண்ணம் மட்டும் சிவப்பாக எரியும். ஆயில் சுவிட்சுக்கு அந்தப் பொய் தெரியாது. அழுத்தம் இல்லையென்றால் விளக்கும் இல்லை. எது யோக்கியமான சுவிட்ச் என்று கேட்டால், சட்டென்று ஆயில் சுவிட்ச் என்று சொல்லத் தோன்றும். செய்ததைத்தான் சொல்கிறது, நினைத்ததை அல்ல. ஆனாலும் நான் மேஸ்திரியின் கட்சிதான். பின்னால் வருகிறவருக்கு வேண்டியது என்னுடைய யோக்கியதைப் பத்திரம் அல்ல. ஒரு விநாடி முன்னால் ஓர் எச்சரிக்கை. என் பிரேக் பிடிக்கிறதா என்பது என் கவலையாக இருக்கட்டும். அதை நான் காலுக்கு அடியில் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் நடந்ததிலிருந்து எனக்கு ஒரு கெட்ட வழக்கம் வந்துவிட்டது. தெருவில் நடக்கும்போது வண்டிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, முதுகைப் பார்க்கிறேன். விளக்கு எரியாத வண்டி சிக்னலில் நின்றால் போய்ச் சொல்கிறேன். பெரும்பாலோர் நன்றி சொல்கிறார்கள். ஒருவர் என் வேஷ்டியைப் பார்த்துவிட்டு ஏதோ நன்கொடை கேட்க வந்தவன் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். போன வாரம் ஒரு வண்டியின் இரண்டு விளக்குமே எரியவில்லை. ஜன்னலில் தட்டிச் சொன்னேன். ஓட்டினவர் சிரித்த முகத்துக்காரர். "தெரியும் ஸார், ரொம்ப நாளா எரியலே" என்றார். பச்சை விழுந்தது, அவர் போய்விட்டார்.